ஒசாகாவிலிருந்து ஒரே நாளில் கியோத்தோ, இனாரி, நாரா: மூட்டுவலி அம்மாவோடு முடியுமா?

மூன்றரை டிக்கெட்:

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் கடைசி வாரம் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். நான், மனைவி, அம்மா (68 வயது), மகள் (9), மகன் (5). முதலில் டோக்கியோ, அங்கிருந்து ஷின்கான்சென் புல்லட் ரயிலில் ஒசாகா. கடைசியில் கான்சாய் விமான நிலையத்திலிருந்தே ஊர் திரும்புகிறோம். ஒசாகாவில் தங்குவது நம்பா பக்கம்.

அதில் ஒரு நாளுக்கு நான் போட்டிருக்கும் திட்டம் இது. காலை 7 மணிக்குக் கிளம்பி கியோத்தோ. கிங்காகுஜி, அரஷியாமா மூங்கில் காடு, கியோமிசுதெரா. மதியம் ஃபுஷிமி இனாரி, மலை உச்சி வரை. மாலை நாரா போய் மான்கள், பெரிய புத்தர். இரவு ஒசாகா. எக்செல்லில் போட்டுப் பார்த்தேன், நிமிஷக் கணக்கில் சரியாகப் பொருந்துகிறது. மனைவி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “இதுல மூச்சு விடறது எந்த வரிசையில வருது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வலி. சமதரையில் மெதுவாக நடப்பார், படிதான் ஆகாது. சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. ஏழு நாள் ஜேஆர் பாஸ் (ஜப்பான் ரயில்வே வண்டிகளில் திரும்பத் திரும்ப ஏறும் சீட்டு) எல்லோருக்கும் வாங்கிவிட்டால் டிக்கெட் கவலை இருக்காது என்று நினைக்கிறேன். சரிதானா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பிளாட்பாரம் பத்து:

பாஸ் வாங்காதீங்க சார். 2023 அக்டோபர்ல 29,650 யென்ல இருந்து 50,000 யென்னுக்கு ஏத்திட்டாங்க. உங்களுக்கு மூணு பெரியவங்க, ஒரு அரை டிக்கெட், மொத்தம் 1,75,000 யென். டோக்கியோவிலிருந்து ஷின்-ஒசாகாவுக்கு ஒரு வழி ஷின்கான்சென் ஆளுக்குச் சுமார் 14,000 சொச்சம். உங்க பெயர்ல இருக்கிற மூன்றரை டிக்கெட்டுக்கும் சேர்த்து ஐம்பதாயிரத்துக்குப் பக்கம் வரும். அதாவது ஒரே ஒருத்தரோட பாஸ் காசு. திரும்பி டோக்கியோ வராதவங்களுக்கு அது தண்டம்.

ஐந்து வயசுப் பையனுக்கு டிக்கெட் வேண்டாம், மடியில் வெச்சுக்கணும். ரிசர்வ் பண்ணித் தனி சீட் வேணும்னா அரை டிக்கெட். ஒசாகா போறப்ப வலப்பக்கம், ‘E’ வரிசை ஜன்னல் கேளுங்க. வானம் தெளிவா இருந்தா முக்கால் மணி நேரத்துக்குள்ள ஃபூஜி தெரியும். பெட்டியோட நீளம், அகலம், உயரம் கூட்டினா 160 சென்டிமீட்டரைத் தாண்டுதான்னு அளந்துக்கோங்க. தாண்டினா அதுக்கான இடத்தோட சேர்ந்த சீட்டைத்தான் முன்பதிவு பண்ணணும்.

ஒசாகா மருமகள்:

தம்பி, ஒன்பது வருஷமாக ஒசாகாவில்தான் குப்பை கொட்டுகிறேன் (இங்கே அதற்கும் கிழமை உண்டு). போன வருஷம் என் மாமியாரை, அவருக்கும் இதே முழங்கால்தான், இதே வழியில் கூட்டிப் போனேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கியோத்தோ நகரத்தை இந்த நாளிலிருந்து வெட்டி எறியுங்கள். கிங்காகுஜி வடக்கே ஒரு மூலை, அரஷியாமா மேற்கே ஒரு மூலை, கியோமிசு கிழக்கே மேட்டில். நவம்பர் கடைசி என்றால் இலை சிவக்கிற நேரம், பஸ்ஸில் ஏறவே வரிசை நிற்கும். கியோத்தோவுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். இந்த நாளுக்கு இனாரியும் நாராவும் போதும், அதுவே நிறைய.

நம்பாவிலிருந்து காலை ஆறரைக்கே மிதோசுஜி சுரங்க ரயிலைப் பிடித்து உமேதா வந்துவிடுங்கள். ஏழரைக்கு மேல் அதில் குழந்தையோடு ஏறுவது பாவம். பிளாட்பாரத் தரையில் இளஞ்சிவப்பில் எழுதியிருக்கும் இடத்தில் நிற்காதீர்கள், அது மகளிர் பெட்டி. என் வீட்டுக்காரர் வந்த புதிதில் அதில் ஏறி, நான்கு ஸ்டேஷன் வரை தன் ஷூவையே பார்த்துக்கொண்டு வந்தார். எஸ்கலேட்டரில் ஒசாகாவில் வலப்பக்கம் நிற்பார்கள். டோக்கியோவில் இடப்பக்கம் நின்று பழகிவிட்டு வருவீர்கள், அதனால் சொல்கிறேன்.

உமேதாவும் ஜேஆர் ஒசாகா ஸ்டேஷனும் ஒட்டினாற்போல் இருக்கும். அங்கே ‘ஷின்-கைசொகு’ என்ற வேக ரயில், அரை மணியில் கியோத்தோ, 600 யென்னுக்குள். முன்பதிவும் வேண்டாம், கூடுதல் கட்டணமும் இல்லை.

இப்போது சொல்லப்போவதைத்தான் நீங்கள் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும். கியோத்தோவில் நாரா லைன் 8, 9, 10ஆம் பிளாட்பாரங்கள். அங்கே ‘மியாகோஜி ரேபிட்’ என்று ஒன்று நிற்கும், பக்கத்தில் சாதா லோக்கல் நிற்கும். நம் புத்தி வேகமானதைத்தான் பார்க்கும். மியாகோஜி இனாரியில் நிற்காது. லோக்கலில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் இனாரி, ஐந்து நிமிஷம், 150 யென். வாசலை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே பெரிய சிவப்புத் தோரி, அதாவது கோயில் நுழைவாயில்.

மலை உச்சி வேண்டாம். 233 மீட்டர்தான் என்றாலும் முழுச் சுற்று நாலு கிலோமீட்டர், எல்லாம் படி. அம்மாவுக்குக் கீழ்க் கோயிலும், அதன் பின்னால் நெருக்கமாகத் தோரி நிற்கும் ‘செம்பொன் தோரி’ பாதையும் போதும். செம்பொன் என்றால் நம் செம்பொன் இல்லை, ஆயிரம் என்று அர்த்தம். ஆனால் அந்த நிறத்துக்கு நம் அர்த்தமும் பொருந்தத்தான் செய்கிறது. அங்கே போகவும் கொஞ்சம் படி உண்டு, கைப்பிடித்து மெதுவாக ஏறலாம். போகும்போது தூண்கள் வெறுமையாக இருக்கும். திரும்பிப் பார்த்தால் முதுகுப்பக்கம் முழுக்க எழுத்து: யார் கொடுத்தது, எந்தத் தேதியில் என்று. நம் கோயில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுகிற அதே கதைதான்.

அங்கிருந்து நாராவுக்கு: இனாரியில் மறுபடி லோக்கல், உஜியில் இறங்கி மியாகோஜிக்கு மாறுங்கள். இப்போது அது உங்கள் நண்பன். உஜியில் குழந்தைகள் கையில் ஒரு 10 யென் நாணயம் கொடுங்கள். அதில் இருக்கும் மண்டபம் அந்த ஊர் பியோதோ-இன், 1053இல் கட்டியது. போய்ப் பார்க்க நேரம் இருக்காது, நாணயத்தில் பார்த்தால் போதும்.

நாராவில் ஜேஆர் ஸ்டேஷன் மான் பூங்காவிலிருந்து தள்ளி இருக்கிறது. அம்மாவை நடக்கவிடாமல் பஸ்ஸிலோ டாக்சியிலோ பெரிய புத்தர் இருக்கும் தோதாய்ஜி கோயிலுக்குப் போய்விடுங்கள். திரும்பும்போது ஜேஆர் பக்கமே போக வேண்டாம். கின்டெட்சு என்ற தனியார் ரயிலின் நாரா ஸ்டேஷன்தான் பூங்காவுக்குக் கிட்ட. அங்கிருந்து நேராக ஒசாகா-நம்பா, நாற்பது நிமிஷத்துக்குள், 680 யென். உங்கள் விடுதி வாசலில் கொண்டு விட்ட மாதிரி. வண்டி நாராவிலேயே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும்.

ஆனால் தூங்காதீர்கள். அந்த வண்டிகளில் பல நம்பாவோடு நிற்காமல் கோபே வரை போகும். நானும் மாமியாரும் தோளோடு தோள் சாய்ந்து தூங்கி, நிஷிகுஜோவில் கண் விழித்தோம். “நம்பா வந்துடுச்சா?” என்றார். “வந்துட்டுப் போயிடுச்சு அத்தை” என்றேன்.

ஒரு நாள் ரயில் செலவு ஆளுக்கு 2,500 யென்னைத் தாண்டாது. ஆளுக்கு ஒரு இகோகா கார்டு, பணம் ஏற்றி வாசலில் தேய்க்கும் ரயில் கார்டு. ஒரு கார்டைத் தேய்த்து இரண்டு பேர் நுழைய முடியாது. மகளுக்குச் சிறுவர் கார்டு வாங்க அவள் பாஸ்போர்ட்டைக் கவுண்டரில் காட்டுங்கள், பாதிக் கட்டணம் தானாகக் கழியும்.

பனங்கிழங்கு:

அக்கா சொன்னதிலை ஒண்டு மட்டும் மாத்திச் சொல்லுவன். இனாரி இருபத்திநாலு மணித்தியாலமும் திறந்திருக்கும், காசும் இல்லை. தோதாய்ஜி நவம்பரிலை பின்னேரம் 5 மணிக்குப் பூட்டிப்போடுவினம். அப்ப முதல் நாராவுக்குப் போட்டு, பின்னேரம் இனாரிக்கு வாறதுதான் புத்தி. நாங்கள் அப்பிடித்தான் செய்தனாங்கள். பொழுதுபட்டாப் பிறகு விளக்கு வெளிச்சத்திலை தோரி பார்க்க வேற வடிவு.

சாப்பாடு கவனம். கிட்சுனே ஊடோன் எண்ட நூடுல்ஸைப் பார்த்தால் சைவம் மாதிரித்தான் இருக்கும், மேலை பொரிச்ச தோஃபு மட்டும்தான். ஆனால் அந்தச் சாறே காய்ஞ்ச மீன் சீவலிலை காய்ச்சினது. இனாரி கோயிலடியிலை விக்கிற இனாரி சூஷியின்ரை தோஃபுத் தோலும் அநேகமாய் அந்தச் சாறிலைதான் ஊறினது. நாராவிலை இலையிலை சுத்தி வடிவாய் விக்கிற ககினோஹா சூஷிக்குள்ளை மீன். எங்கட அம்மா இலையைக் கண்டதும் கொழுக்கட்டை எண்டு நினைச்சு வாங்கிப் போட்டா.

ஒசாகா மருமகள்:

பனங்கிழங்கு சொல்வது இளவட்டங்களுக்குச் சரி. முழங்கால் வலிக்காரரை இருட்டில் கல் படி இறக்கக் கூடாது, அதனால்தான் காலை. தவிர, எட்டு மணிக்குப் போனால் தோரி பாதையில் மனுஷர் நடக்கலாம். பத்து மணிக்கு அது திருவிழாக் கூட்டம். சாப்பாட்டில் அவர் சொன்னது முழுக்கச் சரி.

அம்மாவுக்கு: கன்வீனியன்ஸ் கடையில் உப்பு மட்டும் போட்ட வெறும் ஒனிகிரி (சோற்று உருண்டை), வாழைப்பழம், குளிர்காலத்தில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு. இட்லிப் பொடி ஒரு பொட்டலம் கைப்பையில் இருக்கட்டும், அந்த ஒனிகிரிக்கு உயிர் வரும். சாதா ரயிலில் யாரும் சாப்பிட மாட்டார்கள், பூங்கா பெஞ்சில் வைத்துச் சாப்பிடுங்கள். குப்பைத் தொட்டி தேடாதீர்கள், இருக்காது. ஒரு பையில் கட்டி விடுதிக்கே கொண்டு வர வேண்டியதுதான்.

மூன்றரை டிக்கெட்:

அக்கா, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். எக்செல்லில் புதுத் தாள் போட்டாயிற்று. போய் வந்து எழுதுகிறேன்.

மூன்றரை டிக்கெட் (மூன்று வாரம் கழித்து):

வந்துவிட்டோம். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், மற்றதெல்லாம் எல்லோரும் எழுதுவதுதான்.

முதலில் ஒரு குற்ற ஒப்புதல். அக்கா பச்சை குத்தச் சொன்னார். நான் குத்தவில்லை. கியோத்தோவில் அம்மாவைக் கைப்பிடித்துக்கொண்டு வரும்போது எதிரில் ஒரு வண்டி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலி இருக்கைகளோடு நின்றது. பலகையில் ‘நாரா’ என்ற எழுத்தைப் பார்த்தேன், ஏறு ஏறு என்று எல்லோரையும் ஏற்றினேன். உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, ஐந்து நிமிஷத்தில் மகன் ஜன்னலைத் தட்டி “அப்பா, சிவப்பு வாசல்!” என்கிறான். சிவப்பு வாசல் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அம்மா நிதானமாக, “எக்ஸ்பிரஸ் சின்ன ஸ்டேஷன்ல நிக்காதுன்னு நம்ம ஊர்லயே தெரியுமேடா” என்றார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ரொகுஜிஸோ ஸ்டேஷனில் இறங்கி, எதிர்ப்பக்கம் லோக்கல் பிடித்து வந்தோம். திரும்பி வந்த வண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர், ஆறேழு வயதுதான் இருக்கும், கூட ஒரு பெரியவர் இல்லாமல் ஏறி இறங்கிப் போனார்கள். என் மகள் அவர்களை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு வந்தாள். (அவளுடைய சிறுவர் கார்டைத் தேய்த்தால் வாசல் இயந்திரம் குருவி மாதிரிக் கீச்சிடும். அன்று முழுக்க என் மகன், “எனக்கு ஏன் குருவி இல்லை?” என்று அழுதான். இலவச டிக்கெட்டின் துயரம்.)

இனாரியில் அம்மா செம்பொன் தோரி வரை வந்தார். அதைத் தாண்டி ஒரு சின்ன சன்னதி. அங்கே விளக்குத் தூண் மேல் உருண்டைக் கல் ஒன்று. மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு தூக்க வேண்டும், நினைத்ததைவிட லேசாக இருந்தால் நடக்கும். நான் தூக்கினேன், கனம். அம்மா தூக்கிவிட்டு, “நம்ம வீட்டு ஆட்டுக்கல் குழவிக்கு இது தூசு” என்று வைத்துவிட்டார். என்ன நினைத்தார் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. நரிகளின் வாயில் சாவி, உருண்டை என்று ஏதேதோ இருந்ததை மகள் எண்ணிக்கொண்டே வந்தாள். நெல் தெய்வத்தின் தூதர்கள் என்று படித்துச் சொன்னேன்.

நாராவில் மான்கள். ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, 1957லிருந்து தேசிய இயற்கைச் சின்னம். மான் பிஸ்கட் ஒரு கட்டு 200 யென். நாம் தலை குனிந்தால் அவையும் குனிகின்றன. அழகாக இருக்கிறதே என்று இன்னொரு முறை குனிந்தேன். அந்த நேரம் பின்னால் ஒன்று என் பாக்கெட்டில் துருத்திக்கொண்டிருந்த எக்செல் தாளை உருவிவிட்டது. பிஸ்கட்டைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டை அவை தின்றாலும் கெடுதல் இல்லாதபடி செய்தது. என் தாளுக்கு அப்படி ஒரு உத்தரவாதம் இல்லையே என்று துரத்தினேன், பாதிதான் மீண்டது. மனைவி அன்று முதல் முறையாகச் சிரித்தாள். “மூச்சு விடற வரிசை மட்டும் மிச்சமிருக்கா பாருங்க.” கடா மான்களின் கொம்பை முன்கூட்டியே அறுத்து வைத்திருந்ததால் பிள்ளைகளைப் பற்றிப் பயமில்லை. பிஸ்கட் தீர்ந்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினால் போய்விடுகின்றன.

தோதாய்ஜி பற்றிக் கொஞ்சம் நிறையவே எழுதப்போகிறேன். புத்தர் சுமார் 15 மீட்டர். இப்போதுள்ள மண்டபம் 1709இல் முடிந்தது. பழையதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குதானாம். அப்படியானால் பழையது எப்படி இருந்திருக்கும்! 752இல் இந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. 736இல் சீனா வழியாக வந்து சேர்ந்தவர். கண் வரைந்த தூரிகையில் நீளமான கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். அந்தத் தூரிகையும் நீலக் கயிறும் இன்னும் அங்கே ஷோசோ-இன் பொக்கிஷத்தில் இருக்கின்றன. இதை அம்மாவிடம் சொன்னதும், “கும்பாபிஷேகத்துல கயிறு கட்டி ஆளுக்கு ஆள் பிடிச்சுக்குவாங்களே, அது மாதிரி” என்றார். எனக்குத் தோன்றவே இல்லை.

மண்டபத்தை விட்டு வெளியே வந்தால் வாசலுக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி போர்த்தி, வழவழத்துப் போன ஒரு மரச் சிலை. பின்சுரு என்கிறார்கள். உண்மைப் பெயர் பிந்தோல பாரத்வாஜர், புத்தரின் சீடர். நமக்கு எங்கே வலியோ சிலையில் அந்த இடத்தைத் தடவிவிட்டு, நம் உடம்பில் தடவிக்கொள்ள வேண்டும். “பாரத்வாஜரா? இவரு இங்க என்ன பண்றாரு?” என்று அம்மா உற்சாகமாகிவிட்டார். சிலையின் முழங்காலைத் தடவி, தன் முழங்காலைத் தடவி, இடது, வலது என்று மாற்றி மாற்றி. வரிசையில் அடுத்து நின்றது ஒரு ஜப்பானியப் பாட்டி. அவரும் அதே முழங்காலைத் தடவினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா தமிழில், “படி ஏற முடியலைங்க” என்றார். அந்தப் பாட்டி ஜப்பானிய மொழியில் நீளமாக ஏதோ சொல்லி, தன் வலது முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். ஐந்து நிமிஷம் பேசினார்கள். நான் குறுக்கே போகவில்லை.

கோஃபுகுஜி கோயிலின் பொக்கிஷ மண்டபத்துக்கு நேரம் இருந்தது, நுழைந்தோம். 734இல் செய்த அசுரன் சிலை, மூன்று முகம், ஆறு கை. பக்கத்தில் பறவை முகத்தோடு கருடன், கந்தர்வன், கின்னரன். பெயர்கள் கருரா, கெந்தட்சுபா, கின்னரா என்று இருக்கும். அசுரனுக்குப் பால் வடியும் முகம், புருவத்தில் மட்டும் லேசான கவலை. மகனுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. “இவன் கெட்டவன் இல்லப்பா, ஹோம்வொர்க் மறந்துட்டான்” என்றான்.

கின்டெட்சுவில் இடம் கிடைத்தது. வழியில் பழைய அரண்மனைத் திடலின் நடுவே ரயில் போகிறது, தூரத்தில் சுசாகு வாசல் தெரிந்தது. அம்மாவும் பிள்ளைகளும் தூங்கிவிட்டார்கள். மனைவி “நீங்களும் தூங்குங்க, நான் பார்த்துக்கிறேன்” என்றாள். காலையில் நடந்ததற்கு அப்புறம் கண்காணிப்பு அதிகாரம் என்னிடம் இல்லை என்பது புரிந்தது. நம்பாவில் சரியாக இறங்கினோம்.

ஒசாகா மருமகள்:

மியாகோஜியில் ஏறியதைப் படித்து என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மகளிர் பெட்டி ஆசாமிக்கு இப்போது துணை கிடைத்துவிட்டது. புத்தர் மண்டபத்தில் ஒரு தூணின் அடியில் ஓட்டை இருக்குமே, புத்தரின் மூக்குத் துளை அளவு என்பார்கள், நுழைந்து வந்தால் நல்லது என்று. பிள்ளைகள் நுழைந்தார்களா?

மூன்றரை டிக்கெட்:

மகன் இரண்டு முறை, மகள் ஒரு முறை. நானும் தோள் வரைக்கும் போனேன். பின்னால் வரிசை நிற்கிறது, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. காலைப் பிடித்து இழுத்தது அம்மாதான். போட்டோ மனைவியிடம் இருக்கிறது, இங்கே போட மாட்டேன்.